கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 + ராஸ்பெரி பை: பழைய இன்டர்காம் ஒயரில் இன்டர்நெட் போன்

கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 (HT802) உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு பெட்டி. நெட்வொர்க் கேபிளுக்கு ஒரு போர்ட், சாதாரண ஒயர் டெலிபோனுக்கு இரண்டு போர்ட், அவ்வளவுதான். இந்த வகைக்கு ஏடிஏ என்று பெயர். மூலையில் கிடக்கும் பழைய பட்டன் போனை இதில் செருகினால் அது இன்டர்நெட் போன் ஆகிவிடும். திருப்பூரில் எங்கள் பனியன் யூனிட்டில் இதையும் ராஸ்பெரி பை 4 என்கிற குட்டிக் கம்ப்யூட்டரையும் வைத்து, அந்தப் பையில் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்க்கும் ஆஸ்டரிஸ்க் என்கிற இலவச மென்பொருளை ஓட்டி, மொத்த இன்டர்காமையும் மாற்றிவிட்டோம். நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வெறும் இன்டர்காம் மட்டும் வேண்டும், நெட்வொர்க் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை எதுவும் இல்லை என்றால் இதை வாங்காதீர்கள். ஒரு சாதாரண இபிஏபிஎக்ஸ் (உள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) வாங்கி ஆளை விட்டு மாட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஐபி, சப்நெட், நேட், போர்ட் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தும் தலையில் ஏறாமல் இருப்பவர்களுக்குத்தான் இந்த விமர்சனம். அவர்களுக்கு இந்த விலையில் இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

எங்களிடம் இருந்த பழைய இபிஏபிஎக்ஸ் ஒரு ஐப்பசி இடியில் போய்விட்டது. சரிபார்க்க வந்தவர் இந்த மாடலுக்கு கார்டு வருவதில்லை, புதுசு போட்டுவிடுங்கள் என்றார். பெட்டி போனாலும் சுவரோரம் ஓடும் ஒயர் எல்லாம் நல்லபடியாக இருந்தது. கேட்டுக்கு ஒரு ஜோடி, பேக்கிங்குக்கு ஒரு ஜோடி, கட்டிங், செக்கிங் என்று தனித்தனியாக. எச்டி802-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் பெரிய காரணம். நெட்வொர்க் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது, நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் வைக்க வேண்டும். டெலிபோன் ஒயருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஏடிஏவை ஆபீஸ் ரூமிலேயே வைத்து, அதன் இரண்டு போர்ட்டிலிருந்தும் பழைய ஜோடிகளிலேயே கேட்டுக்கும் பேக்கிங்குக்கும் கொடுத்தாயிற்று. ஒரு மீட்டர் புது கேபிள் கூட இழுக்கவில்லை. மற்ற செக்‌ஷன்காரர்கள் மொபைலில் லின்ஃபோன் என்கிற இன்டர்நெட் போன் ஆப் போட்டுக்கொண்டார்கள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் அண்ணனிடம் இருப்பது பட்டன் மொபைல். அப்புறம், இன்டர்நெட் போனாலும் எங்கள் இன்டர்காம் வேலை செய்யும். இந்த இரண்டாவது விஷயம் பலருக்குப் புரிவதில்லை, வைஃபை இருந்தால் இன்டர்நெட் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் ஃபைபர் அறுந்து ஆபீஸே கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது கேட்டிலிருந்து பேக்கிங்குக்கு போன் அடித்தது. உள்ளூர் வலை வேறு, வெளியே போகும் வழி வேறு என்பதை எங்கள் மெர்ச்சன்டைசர் பையனுக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியை எடுத்து வைத்ததும் முதல் கேள்வி, இதன் ஐபி முகவரி என்ன? திரை கிடையாது. செருகிய போனை எடுத்து நட்சத்திரத்தை மூன்று முறை அழுத்தி 02 போட்டால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இலக்கம் இலக்கமாகப் படிக்கும். அதை பிரவுசரில் போட்டால் செட்டிங் பக்கம் வரும். வந்ததும் பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பக்கம், பக்கத்தில் நூற்றுக்கணக்கில் கட்டங்கள், எது முக்கியம் எது அல்ல என்று எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரே எழுத்தில் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். உண்மையில் நிரப்ப வேண்டியது சர்வர் முகவரி, பயனர் எண், பாஸ்வேர்ட் என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். வடிவமைப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அதுவும் பாவப்பட்டு.

ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் சில நல்ல சரக்கும் இருக்கிறது. போனை எடுத்ததும் தானாக ஒரு எண்ணுக்கு அடிக்கும்படி வைக்கலாம். கேட் போனை எடுத்தால் நேராக ஆபீஸ்தான், எண்ணே அழுத்த வேண்டாம். வந்த புதிதில் மூன்று இலக்கம் அழுத்தியபின் சில நொடி சும்மா இருந்துவிட்டுத்தான் அடித்தது, இன்னும் இலக்கம் வரும் என்று காத்திருக்கிறது. டயல் பிளான் கட்டத்தில் 2-இல் தொடங்கும் மூன்று இலக்கம் மட்டும்தான் எண் என்று எழுதியதும் கடைசி இலக்கம் அழுத்திய கையோடு அடித்தது. இன்னொன்று, மணி. வரும்போது இது அமெரிக்கப் பாணியில் இரண்டு நொடி நீளமாக அடித்து நான்கு நொடி சும்மா இருக்கும். நம் ஊர் போனுக்கு அடுத்தடுத்து இரண்டு குட்டி மணி, பிறகு இடைவெளி. 400 மில்லிநொடி மணி, 200 சும்மா, மறுபடி 400 மணி, 2000 சும்மா என்று கட்டத்தில் போட்டதும் பழைய டெலிபோன் மணி திரும்ப வந்துவிட்டது. டயல் டோனையும் நம் ஊர் 400 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். காலர் ஐடி திரையில் எண் வரவில்லை என்றால் அதற்கான முறையை மாற்றி மாற்றிப் பாருங்கள், நம் ஊர் போன்களில் சில எஃப்எஸ்கே கேட்கும், சில டிடிஎம்எஃப் கேட்கும்.

சரி, ஆஸ்டரிஸ்க். 1999-இல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்கிற மாணவர், தன் சின்ன கம்பெனிக்கு இபிஏபிஎக்ஸ் வாங்கக் காசில்லாமல் தானே எழுதியது. பின்னால் அவருடைய டிஜியம் கம்பெனியை 2018-இல் சங்கோமா வாங்கியது. மென்பொருள் இன்னும் இலவசம்தான், கோடும் திறந்தே கிடக்கிறது. ராஸ்பெரி பையில் போடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பையில் ஓடும் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன் 12-இல் ஆஸ்டரிஸ்க் ரெடிமேட் பேக்கேஜே இல்லை, மூலக் கோடை இறக்கி நாமே கம்பைல் செய்ய வேண்டும். டீ குடித்துவிட்டு, லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வந்தால் முடிந்திருக்கும். அடுத்தது இதைவிட முக்கியம். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் பாதிக்கு மேல் சேன் எஸ்ஐபி என்கிற பழைய மாட்யூலை வைத்து எழுதியவை. 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பில் அதைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள், இப்போது அதற்குப் பதிலான பிஜேசிப் மாட்யூல் மட்டும்தான். பாடத்தில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்தும் எதுவும் நடக்கவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பாடத்தின் தேதியைப் பாருங்கள்.

கிளிக் செய்தே முடிக்க வேண்டுமென்றால் ஃப்ரீபிபிஎக்ஸ் இருக்கிறது. எதற்காக கான்ஃபிக் (செட்டிங்) ஃபைலைக் கையால் எழுதச் சொல்கிறேன் என்றால், ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு மூன்று சின்னப் பத்தி எழுதுவதற்குள் விஷயம் புரிந்துவிடும். இந்தப் போன் யார், எந்தப் பாஸ்வேர்ட் சொல்லி உள்ளே வர வேண்டும், வந்தபின் அதை எந்த முகவரியில் தேட வேண்டும், இவ்வளவுதான். அப்புறம் டயல்பிளானில், 201 அழுத்தினால் 201 போனை 20 நொடி அடி என்று ஒரு வரி. நம் ஊர் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஹால் நிறைய இருந்த இயந்திரம் செய்த வேலையின் சாரம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இப்போது வாத்தியார் பாகம். ஒரு வெப்சைட் திறக்கவில்லை என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கே கோளாறு என்று ஒன்றும் தெரியாது. போன் அப்படியில்லை. மணியே அடிக்கவில்லை, மணி அடிக்கிறது குரல் இல்லை, ஒரு பக்கம் மட்டும் குரல், கொஞ்ச நேரத்தில் கட் ஆகிறது, குரல் உடைந்து உடைந்து வருகிறது என்று கோளாறு ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டும். எஸ்ஐபி என்கிற பேச்சுமொழி அழைப்பை ஏற்பாடு செய்வதற்கு மட்டும், வழக்கமாக யூடிபி 5060 போர்ட்டில் (இந்த போர்ட் கேபிள் செருகும் ஓட்டை இல்லை, எண் போட்ட வாசல்). குரல் ஆர்டிபி என்று தனி வழியில், தனி போர்ட்டில் போகும், ஆஸ்டரிஸ்க் மாதிரி கான்ஃபிக்கில் அது 10000 முதல் 20000 வரை. இரண்டும் வேறு வேறு என்று மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கோளாறுக்கு விடை அங்கேயே இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க, வலையில் போகும் பாக்கெட்களை, அதாவது தகவல் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் போடுங்கள். முதலில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் ஏடிஏவும் பையும் பேசிக்கொள்வது ஒன்றுமே தெரியாது. சுவிட்ச் யாருக்கு வந்த பாக்கெட்டோ அவருடைய போர்ட்டுக்கு மட்டும்தான் அனுப்பும், பழைய ஹப் போல எல்லோருக்கும் வாரி இறைக்காது. அது ஒரு பாடம். பையிலேயே டிசிபி டம்ப் என்கிற கருவியை வைத்து பாக்கெட்களைப் பிடித்து, அந்த ஃபைலை வயர்ஷார்க்கில் திறந்து டெலிபோனி மெனுவில் வாய்ப் கால்ஸ் என்பதைப் பார்த்தால் மொத்த உரையாடலும் அம்புக்குறி போட்டு வரும். போன் முதலில் நான் 201 என்று பதிவு செய்யப் பார்க்கும், சர்வர் 401 என்று மறுத்து ஒரு புதிர் எண்ணைக் கொடுக்கும், போன் அதையும் பாஸ்வேர்டையும் கலந்து அரைத்த விடையை அனுப்பும், அப்புறம்தான் 200 ஓகே. பாஸ்வேர்ட் அப்படியே ஒயரில் போவதே இல்லை. அடுத்து அழைப்புக்கு இன்வைட், டிரையிங், ரிங்கிங், எடுத்ததும் ஓகே, அது கிடைத்தது என்று ஏசிகே, கடைசியில் விடைபெறும் பை (BYE). பெரும்பாலும் படிக்கக்கூடிய எழுத்திலேயே இருக்கும். எஸ்ஐபியின் இப்போதைய அடிப்படை ஆவணம் 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261, வெப் பக்கங்கள் பேசும் எச்டிடிபி சாயலிலேயே எழுதியது. அதே மெனுவில் பிளே என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் பேசிய குரலே ஸ்பீக்கரில் வரும். மறைகுறியீடு இல்லாத அழைப்பை நடுவில் இருப்பவர் கேட்கலாம் என்று நூறு முறை படித்தாலும், நம் குரலை நாமே அப்படிக் கேட்கும்போது வருகிற திடுக் தனி. குரலை மறைகுறியீட்டில் அனுப்பும் எஸ்ஆர்டிபி எதற்கு என்று அன்றைக்கே புரிந்துவிடும்.

கணக்கு பிடித்தவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. குரலை எண்களாக மாற்றும் ஜி.711 கோடெக் நொடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், அதாவது நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட். அதன் மேல் ஆர்டிபி 12, யூடிபி 8, ஐபி 20, ஈதர்நெட் 18 பைட் என்று உறை மேல் உறை. மொத்தம் 218 பைட், நொடிக்கு 87.2 கிலோபிட். வயர்ஷார்க்கில் ஒரு பாக்கெட்டைத் திறந்தால் இந்த உறைகள் அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டியிருக்கும். நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ லேயர் ஏழையும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் நான், அது எதற்கு என்று தெரிந்தது இங்கேதான்.

எங்கள் உள் இன்டர்காம் இப்படி ஓடத் தொடங்கியதும் ஆசை விட்டதா? கோயம்புத்தூரில் இருக்கும் மச்சான் வீட்டையும் 210 என்று ஒரு எக்ஸ்டென்ஷனாகச் சேர்க்கலாமே என்று தோன்றியது. உண்மையான பாடம் அங்கே ஆரம்பித்தது.

வெளியிலிருந்து எங்கள் பைக்கு எதுவுமே வந்து சேரவில்லை. வெளியிலிருந்து வருவதை பைக்கு அனுப்பச் சொல்லி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு போட்டும் பயனில்லை. ரவுட்டரின் வெளி ஐபியைப் பார்த்தால் 100.72 என்று தொடங்குகிறது, என் ஐபி என்ன என்று காட்டும் தளத்தில் பார்த்தால் வேறு ஏதோ எண். 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள் இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் அடைத்து வைப்பதற்கென்றே 2012-இல் ஒதுக்கியவை. சிஜி நேட் என்பார்கள். ஐபிவி4 முகவரிப் பஞ்சத்தில் இது ஊர் முழுக்க நடக்கிறது. நாம் நம் ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும் தெருக் கதவின் சாவி அவர்களிடம் இருக்கிறது. எங்கள் ஏரியா இன்டர்நெட்காரரிடம் போன் போட்டு சிஜி நேட்டில் இருந்து எடுத்துவிடுங்கள் என்றதற்கு, சார் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்றார்கள். பல முறை. கடைசியில் தனிக் கட்டணம் கட்டி எங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி, ஸ்டாடிக் ஐபி, வாங்கினோம்.

அதன்பின் மச்சான் மொபைல் பதிவானது, மணி அடித்தது, எடுத்தோம். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்டது, அவர் பேசுவது எங்களுக்கு வரவே இல்லை. ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கும்போதே 32 நொடியில் கட். மறுபடி அடித்தால் மறுபடி 32 நொடி. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இது தற்செயல் இல்லை.

நடந்தது இதுதான். அழைப்பை எடுக்கும்போது எங்கள் சர்வர் அனுப்பும் பதிலுக்குள், குரலை இந்த முகவரிக்கு அனுப்பு என்று ஒரு வரி இருக்கும். பைக்குத் தெரிந்த ஒரே முகவரி அதன் உள் முகவரி, 192.168.1.50. அதையே எழுதி அனுப்பிவிட்டது. மச்சான் மொபைல் தன் குரலை 192.168.1.50-க்கு அனுப்பியது, அதாவது கோயம்புத்தூரில் அவர் வீட்டு வலைக்குள்ளேயே, அப்படி யாரும் இல்லாத இடத்துக்கு. எங்கள் குரல் மட்டும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், அவருடைய ஆப்பில் ஸ்டன் என்கிற வசதியைப் போட்டிருந்தோம். அது வெளியில் ஒரு சர்வரைக் கேட்டுத் தன் பொது முகவரியைத் தெரிந்துகொண்டு அதை எழுதி அனுப்பியது. அந்த 32 நொடியும் இதே கதைதான். எடுத்துவிட்டேன் என்று சர்வர் சொன்னதற்குப் பதிலாக வர வேண்டிய ஏசிகேவும் அதே தப்பு முகவரிக்குப் போய்த் தொலைந்தது. சர்வர் திரும்பத் திரும்ப ஓகே ஓகே என்று அனுப்பிப் பார்க்கும். எஸ்ஐபியில் அடிப்படைக் காத்திருப்பு அரை நொடி, அதன் 64 மடங்கு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அழைப்பைக் கைவிடும். அரை நொடி பெருக்கல் 64, முப்பத்திரண்டு.

தீர்வு, ஆஸ்டரிஸ்கிடம் உன் வெளி முகவரி இது, உள் வலை இது என்று பிஜேசிப் ஃபைலில் நாலு வரி சொல்வது, குரலை நேராக விடாமல் சர்வர் வழியாகவே விடுவது. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று பாக்கெட்டுக்குள் கையை விட்டு முகவரியை மாற்றும், பல ரவுட்டர்களில் அரைகுறையாக. நேட் என்றால் என்ன என்று ஒரு பத்தியில் யாரும் விளக்கலாம். ஐபி உறையின் மேல் உள்ள முகவரியை மட்டும் ரவுட்டர் மாற்றுகிறது, உள்ளே கடிதத்தில் எழுதிய முகவரியை மாற்றுவதில்லை என்பது ஒரு பக்கக் குரலைக் கேட்டவருக்குத்தான் உறைக்கும்.

5060-ஐ வெளியே திறந்து வைத்ததை அப்படியே கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன், என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். லாகில் யார் யாரோ 100, 101, 1000 என்று வரிசையாக எண்ணும் பாஸ்வேர்டும் முயற்சி செய்கிறார்கள். பலவற்றின் பெயரில் ஃப்ரெண்ட்லி ஸ்கேனர் என்றே எழுதியிருந்தது. பெயரில்தான் நட்பு. உள்ளே புகுந்தால் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்கு அடித்துத் தள்ளுவார்கள். எங்களிடம் வெளி லைன் எதுவும் இணைக்காததால் பயமில்லை. தப்பாக முயற்சி செய்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் போட்டால் ஓரளவு அடங்கும். நான் போர்ட்டையே மூடிவிட்டு இணையத்துக்குள் மறைவான தனிப் பாதை போடும் ஒயர்கார்டு (WireGuard) விபிஎன் போட்டுவிட்டேன். மச்சான் மொபைலும் எங்கள் உள் வலையில் இருப்பது போல ஆகிவிட்டது, நேட் தொல்லையும் சேர்ந்தே போயிற்று. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டால், செய்திருக்கலாம், மேலே எழுதிய எதுவும் தெரியாமல் போயிருக்கும்.

குரல் உடைவது தனிக் கதை. மாலையில் ஆர்டர் கொடுத்த பையருக்கு டிசைன் ஃபைல் ஏற்றும் நேரத்தில் மட்டும் மச்சான் குரல் கரகரவென்று வரும், அவருக்கு எங்கள் குரல் இன்னும் மோசம். லைன் வேகம் ஏராளம், 87 கிலோபிட் எம்மாத்திரம். ஆனால் ரவுட்டரின் வரிசையில் பெரிய ஃபைல் முன்னால் நின்றால் குரல் பாக்கெட் பின்னால் காத்திருக்கிறது, குரலுக்கு வேகத்தைவிட நேரம் முக்கியம். ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு பரிந்துரைக்கிறது. போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுக்கொண்டே ஃபைலை ஏற்றிப் பாருங்கள், எண் எப்படி ஏறுகிறது என்று. ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற இலவச மென்பொருள் ஓடும் ரவுட்டரில், இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதியைப் போட்டதும் சரியானது.

இன்னொரு நாள் மொத்த வலையும் செத்தது. போன் இல்லை, கேமரா இல்லை, பிரிண்டர் இல்லை, சுவிட்சில் விளக்குகள் மட்டும் வெறி பிடித்தது போல மின்னுகின்றன. பேக்கிங்கில் தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் மறுமுனையை யாரோ அக்கறையாக அதே சுவிட்சில் செருகி வைத்திருந்தார்கள். ஈதர்நெட்டில் பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு கிடையாது, வளையம் கிடைத்தால் சுற்றிக்கொண்டே பெருகும். இதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் 1985-இலேயே ஸ்பேனிங் ட்ரீ கண்டுபிடித்துவிட்டார், விலை குறைந்த சுவிட்ச்களில்தான் அது இருப்பதில்லை. இப்போது செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச், போனுக்குத் தனி விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி வலை), கேமராவுக்குத் தனி விலேன்.

குறைகள். மொபைல் ஆப் எக்ஸ்டென்ஷன்களை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்க வைத்துவிடும், மணி அடிக்காது. லின்ஃபோனுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை. அவசரத்துக்கு ஒயர் போன்தான். எச்டி802-இல் வைஃபை கிடையாது, கேபிள் அவசியம். மின்சாரம் போனால் எல்லாம் போகும், பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது போல இங்கே வராது. ரவுட்டர், சுவிட்ச், பை, ஏடிஏ நாலுக்கும் யூபிஎஸ் வேண்டும். பையின் எஸ்டி கார்டு திடீர் மின்வெட்டில் கெட்டுப்போகக்கூடியது, நகல் ஒன்று எடுத்து வையுங்கள். வெளியே ஓடும் நீளமான ஒயர் இருந்தால் சர்ஜ் ப்ரொடெக்டரும் வாங்குங்கள், இடிக்கு அனலாக் டிஜிட்டல் வித்தியாசம் கிடையாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. உள்ளுக்குள் பேசுவதும் இணையம் வழியாக எக்ஸ்டென்ஷனுக்கு எக்ஸ்டென்ஷன் பேசுவதும் பிரச்சினை இல்லை. சிம் கார்டு செருகும் கேட்வே வாங்கி மாட்டி, இணையத்தில் வரும் அழைப்பை உரிமம் இல்லாமல் பொதுத் தொலைபேசி வலைக்குள் தள்ளினால் குற்றம், சிம் பாக்ஸ் பிடிபட்டது என்று செய்தியில் வருவது அதுதான். வெளி எண் வேண்டுமென்றால் உரிமம் உள்ள நிறுவனத்திடம் எஸ்ஐபி டிரங்க், அதாவது இணையம் வழியாக வரும் வெளி லைன், கேளுங்கள். உங்கள் வீட்டு ஃபைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைன் கூட இதே தொழில்நுட்பம்தான், அந்த ஃபைபர் பெட்டிக்குள் ஒரு ஏடிஏ ஒளிந்திருக்கிறது.

செலவு, நான் வாங்கியபோது எச்டி802 4,000 ரூபாய் பக்கம் வந்தது. பை, கார்டு, அடாப்டர் சேர்த்தால் அதைவிடக் கூட. பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தால் பை வேண்டாம், அதில் லினக்ஸ் போட்டாலே போதும். சும்மா கற்றுக்கொள்ள மட்டும் என்றால் பெட்டியே வேண்டாம், இரண்டு மொபைலில் லின்ஃபோன் போட்டு லேப்டாப்பில் ஆஸ்டரிஸ்க் ஓட்டுங்கள், ஒரு பைசா செலவில்லை. வாங்குவதாக இருந்தால் எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவதில் போனைச் செருக வேண்டும், இரண்டாவதில் வெளியிலிருந்து வரும் லைனை. எச்டி802-இல் இருப்பது இரண்டும் எஃப்எக்ஸ்எஸ், லைனைக் கொண்டுபோய்ச் செருகினால் பெட்டி கெட்டுப்போகலாம். ஒரே ஒரு போன்தான் என்றால் எச்டி801 போதும், நாலு போன் என்றால் எச்டி814. அட்மின் பாஸ்வேர்ட் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், பழைய ஸ்டாக்காக இருந்தால் அட்மின் என்றே இருக்கும், மாட்டிய அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.